வௌவால்களோடு இருந்த இத்தா

உள்ளறைக் கூரையைப் பிரிக்க நேற்று மேசன் வந்திருந்தார். மகள் அங்கே கொங்கிரீட் தட்டுப் போடப்போகிறாள். ஓடுகளைக் கழற்றியதும் புளித்த வாடை ஒன்று கீழே இறங்கியது. மேசன் மூக்கைப் பொத்தினார். நான் கதிரையை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் கறி தீய்ந்தாலும் இப்போது எனக்குத் தெரிவதில்லை. அந்தக் காலத்து வௌவால் எச்சம் மட்டும் தெரிந்துவிடுகிறது.

ஐம்பதுகளில் ஒரு வருஷம், கலியாண மருதாணி மங்கிய கொஞ்ச நாளில், என் கணவர் சுரத்தில் மௌத்தானார். பிள்ளை இல்லை. கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்வார். ஆகவே அவர் போனாலும் வீடு என்னுடையது. கணவனை இழந்தவளுக்கு நாலு மாதமும் பத்து நாளும் இத்தா; அது முடியும்வரை அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வீட்டைவிட்டு இறங்காமல் நான் இருக்கவேண்டும். உள்ளதிலேயே இருட்டான அறையாகப் பார்த்து என்னை வைத்தார்கள், யன்னலுக்குச் சேலையும் கட்டினார்கள். வெளிச்சம் பிடிக்காத வேறு சிலர் அங்கே ஏற்கெனவே குடியிருப்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

முகட்டு வளைமரத்தில் அவை தலைகீழாகத் தொங்கின. பழந்தின்னி வௌவால் என்று நினைத்துவிடாதீர்கள், இவை பூச்சி பிடிப்பவை. சாம்பல் நிறம், வால் கிடையாது. முகத்துக்குப் பொருந்தாத பெரிய காதுகள் இரண்டும் நெற்றியில் ஒட்டியிருக்கும். சிறகை விரித்தால் என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வரும். முதலில் பயந்து முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தேன். பிறகு வேறு என்ன வேலை? அண்ணாந்து பார்க்கத் தொடங்கினேன்.

அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிய ஒவ்வொன்றாக வெளியே போகும். நிலத்தோடு தாழப் பறந்து, சருகுக்குள் கரப்பான் அசையும் சத்தத்தைக் கேட்டே தூக்கிவிடும். அங்கேயே தின்னாது, வளைமரத்துக்குக் கொண்டுவந்து நிதானமாகத் தின்னும். காலையில் கூட்டினால் அந்துப்பூச்சிச் சிறகும் வண்டின் ஓடும் சுளகில் அள்ளலாம். அந்த அறையில் என் பாயில் ஒரு கரப்பான் ஏறியதில்லை. நாள் போகப்போகக் கூட்டம் குறைந்தது. மிஞ்சியவற்றின் நெஞ்சில் ஒவ்வொரு குஞ்சு ஒட்டியிருப்பதைக் கண்ட பிறகுதான், போனவை ஆண்கள் என்று விளங்கிற்று.

உம்மாவின் தம்பிதான் மாமா. வாப்பா இல்லாத எங்களுக்கு அவர் வைத்ததே சட்டம். தங்கச்சிக்குப் பேசிவந்த மாப்பிள்ளை பக்கம் வீடு கேட்டார்கள். புதிதாகக் கட்டுவதைவிட விதவையை வீட்டைவிட்டு எழுப்புவது லேசு. அதை நேரே சொல்ல வாய் வராமல் வௌவாலைப் பிடித்துக்கொண்டார். அவை அடைந்ததால்தான் மௌத்து வந்ததாம், நான் உம்மாவின் குடிசைக்குப் போய்விடவேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமாவின் மனைவி, எங்கள் மாமி, வேறு பக்கத்தால் வந்தார். ஆண் வௌவால் இருக்கும் அறையில் இத்தா கூடுமா என்று கவலைப்பட்டார்.

"ஆம்பிளையெல்லாம் போயிட்டுது மாமி. இஞ்ச இரிக்கிறது உம்மாமாரும் புள்ளைகளுந்தான்," என்றேன்.

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவுக்கு வரவில்லை. அடுத்த நாள் பின்னேரம் சட்டியில் நெருப்பும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் கொண்டுவந்தார். அந்நிய ஆண்கள் அறைக்குள் வர முடியாதே, ஆகவே கூலியாளை விட்டுவிட்டுத் தானே சுமந்துவந்தார். நான் எழுந்து அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். மேலே குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

"இத்தா முடியாம ஊட்ட உட்டு இறங்கப்படா எண்டு நீங்கதானே மாமா சொன்னீங்க. புகையப் போட்டா நான் எங்க போற?"

"கொஞ்ச நேரம் உம்மாட ஊட்ட இரி மகள்."

"இறங்கினா நீங்க என்னத் திரும்ப ஏற உடமாட்டீங்க."

மாமா சட்டியை முற்றத்தில் வைத்துவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனார். அது அங்கேயே புகைந்து அணைந்தது. தங்கச்சிக்கு வளவின் மேற்குப் பக்கம் புதுவீடு கட்டினார். கட்டி முடியும்வரை என்னோடு கதைக்கவில்லை. இத்தா கழிந்து, பிறகொரு காலம் எனக்கு வந்த இரண்டாவது மாப்பிள்ளையும் இந்த வீட்டுக்குத்தான் வந்தார். முதல் நாளே அண்ணாந்து பார்த்து, பாயைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்ட நல்ல மனிதர்.

மாமாவால் எழுப்ப முடியாதவற்றை, பின்னால் வயல்களுக்கு வந்த பூச்சிமருந்துத் தகரங்கள் எழுப்பிவிட்டன. முதலில் அந்துப்பூச்சி குறைந்தது. பிறகு சுளகு வெறுமையானது. ஒரு வருஷம் குஞ்சுச் சத்தம் கேட்கவில்லை. யாரை வாசலில் மறித்துச் சண்டை பிடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தட்டுக்குக் கீழே சுவரில் கையகலத் துவாரம் ஒன்று விடச் சொல்லியிருக்கிறேன். இனி எது வரப்போகிறது என்று மகள் கேட்டாள்.

"நான் இரிக்குமட்டும் அத அடைக்கப்படா," என்றேன்.

இன்று மஃரிப் தொழுதுவிட்டு, ஓடில்லாத அறையில் கதிரை போட்டு அண்ணாந்துகொண்டிருந்தேன். வானம் முழுக்கத் திறந்துதான் கிடந்தது. கடிக்க நுளம்பு மட்டும் வந்தது.