அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கணவரிடம், "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். அதே கேள்வியை என் ஒன்பது வயதில், எங்கள் ஆம்பூர் வீட்டில் வேறொரு டாக்டர் அம்மாவிடம் கேட்டார்.

விஷக்காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு நினைவு தடுமாறியது. தோல் ஷாப்பில் பதனிடும் வேலை பார்த்த அப்பா, ஆவாரம்பட்டை நெடி போகாத கையோடு டாக்டரை அழைத்துவந்தார்.

"இவள வீட்ல தனியா வுடலாமா, பாத்து சொல்லுங்க சார்," என்றார்.

டாக்டர் கிழமை கேட்டார். அம்மா பதில் தெரியாமல் விழித்தாள். டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று, அப்பா பார்க்காதபடி 'வியாழன்' என்று வாயசைத்தேன். அம்மா அப்படியே சொன்னாள்.

"உங்க பொண்ணு பேரு?"

அதையும் நான்தான் உதட்டில் காட்டினேன். அம்மாவை எங்கேயாவது கொண்டுபோய்விடுவார்களோ என்று எனக்குப் பயம்.

"ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. விடலாம்," என்றார் டாக்டர்.

மறுவாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கதவு திறந்துகிடந்தது. பாலாற்றில் அப்போது வெள்ளம். மறுநாள் மாதனூர் பக்கம் அம்மாவின் உடல் கிடைத்தது. அப்பா சாகும்வரை அந்த டாக்டரைத் திட்டினார். நான் வாய் திறக்கவே இல்லை.

கிழமை தெரியாமல் என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.