நிலைக்கு வாங்கிய வேட்டி

என் வீட்டு வாசல்நிலையைச் செய்தவர் என் அப்பா மாயவன். அதை நட்ட அன்று அதற்குரிய வேட்டி துண்டை வாங்கிக்கொண்டவர் வேறொருவர். கொடுத்தது நான்.

எங்கள் பக்கத்தில் நிலை நடுவது சின்னத் திருவிழா மாதிரி. நிலையைச் செய்தவரே அதற்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, நவதானிய முடிச்சுக் கட்டி, பூசணிக்காய் சுற்றி நட்டுக் கொடுப்பார். வீட்டுக்காரர் தட்டில் வெற்றிலை பாக்கோடு புது வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து அவரைக் கும்பிடுவார். ஆனால் செய்தவர் ஆசாரியாக இருக்க வேண்டும். அப்பா ஆசாரி இல்லை. நாங்கள் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் காலனிக்காரர்கள். அப்பாவின் ஆட்கள் எல்லோரும் கரும்பு வெட்டப் போனவர்கள்.

அப்பாவும் வெட்டினார். ஒரு பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போன கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கியது. சுமை தூக்க முடியாமல் போனதால் கள்ளக்குறிச்சியில் சின்னராசு ஆசாரியின் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் கழிவுக் கட்டைகளில் உளி பிடித்துப் பழகினார். கழிவுதானே என்று ஆசாரியும் திட்டவில்லை. சில வருடங்களில் அந்தப் பட்டறையிலிருந்து போன கட்டில்களில் பாதி அப்பா செய்தவை. பிறகு ஊருக்கு வெளியே சாலையோரம் தகரக் கொட்டகை போட்டுத் தனியாக வந்துவிட்டார்.

தனியாக வந்ததும் கிடைத்த முதல் பெரிய வேலை, கோமுகி அணைப் பக்கம் செல்லமுத்து என்ற விவசாயியின் புது வீட்டுக்கு நிலை. தேக்கு. மேல்சட்டத்தில் கொடியும் இரண்டு யானைகளும் செதுக்கினார். அம்மா தைலம்மாள் சோறு கொண்டுபோனால் தூக்குவாளியைத் தள்ளி வைத்துவிட்டு யானையின் காதைச் சரிசெய்துகொண்டிருப்பாராம்.

நிலை நடும் நாளில் என்னையும் சைக்கிளில் கூட்டிப்போனார். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் சட்டையைக் கடையில் இஸ்திரிக்குக் கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

செல்லமுத்து வெளியிலேயே நின்றிருந்தார்.

"வா மாயவா. செத்த அந்தாண்ட நில்லு. ஆசாரி வந்துக்கினு இருக்காரு."

"எந்த ஆசாரிங்க?"

"நம்ம சின்னராசுதான். உன் வேலையில ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா பூசன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"சரிங்க" என்றார் அப்பா. கலவை குழைத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டையோடு எடுத்துக் கொடுத்தார்.

சின்னராசு ஆசாரி வந்தார். மஞ்சள் பூசக் குனிந்தவர் நிமிர்ந்து அப்பாவைத் தேடினார். மரம் நின்றபோது வேர்ப் பக்கம் இருந்த முனையை அடி என்பார்கள். நிலைக்காலில் அது கீழே வர வேண்டும். மாறினால் வீட்டுக்கு ஆகாது என்று நம்பிக்கை. இழைத்து முடித்த மரத்தில் அடி எது என்பது அதை அறுத்தவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஆசாரி கைகழுவ வருவதுபோல் அப்பாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அடி கீழதான வச்சிருக்க?"

"கீழதாங்க."

ஆசாரி திரும்பிப் போய் மஞ்சள் பூசினார். செல்லமுத்து தட்டை நீட்டினார். எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. அப்பா எனக்கும் சேர்த்து வாங்கி ஈரச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் அம்மா கேட்டாள். "எங்க வேட்டி?"

"குடுக்கல."

"குடுக்கலயா, நீ வாங்கலயா?"

"சோத்தப் போடு."

அதற்குப் பிறகு அப்பா நிலை செய்யவில்லை. கேட்டு வந்தவர்களிடம் தோள் வலி என்றார். ஸ்டூல், அலமாரி, கட்டில், ஊஞ்சல் பலகை மட்டும் செய்தார். மீந்த துண்டுகளில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தார். பலா, வேங்கை, மா என்று எது கிடைத்தாலும் முகம் கடைந்து, எண் செதுக்கி, கடையில் வாங்கிய பேட்டரி மெஷினைப் பின்னால் பொருத்துவார். கரியாலூரில் அருவி பார்க்க வருகிறவர்கள் நிற்கும் கடைகளில் அவை தொங்கின. நன்றாகப் போயின. கடிகார மாயவன் என்று பெயர் வந்தது. அவருக்குக் கடிகாரம் என்றால் உயிர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாலிடெக்னிக்கில் கருவியியல் பிரிவை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது ஒரு தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கிறேன்.

படிக்கும்போது ஒரு விடுமுறையில் கேட்டேன். "கடிகாரத்து மேல இன்னாப்பா அவ்ளோ ஆச?"

"ஆசலாம் இல்ல. கடிகாரத்துக்குப் பூச கெடையாது. ஆணி அடிச்சு மாட்டிக்கினு அவனவன் வேலையப் பாத்துக்கினு போயிடுவான். யாரும் நம்மள அந்தாண்ட நில்லுன்னு சொல்லத் தேவையில்ல."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த வட்டத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆனா இதயும் அடி பாத்துதான் செய்றேன். ஆறு இருக்குற பக்கம் அடி. பன்னெண்டு நுனி. மரம் நின்னாப்லயே நிக்கும்."

அவரை யாரும் கேட்காத விதி. அந்தக் கடிகாரங்கள் மாட்டியிருந்த வீடுகள் பலவற்றுக்குள் அவர் போனதில்லை. வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அந்த வீட்டுக்காரர்களைக் கடைத்தெருவில் பார்த்தால், "மணி சரியா காட்டுதுங்களா?" என்று கேட்பார்.

சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு கள்ளக்குறிச்சியில் புதிதாக வந்த ஒரு நகரில் மனை வாங்கி வீடு கட்டினேன். அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. மேஸ்திரி அய்யப்பன் அப்பாவை ஆசாரி என்றே கூப்பிட்டார். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ராதிகாவும் அப்படியே கூப்பிட்டார். அப்பா மறுக்கவில்லை. கூப்பிட்டால் உடனே திரும்பியதும் இல்லை.

"நெலை நீதான் செய்யணும்" என்றேன்.

"கடையில ரெடிமேடா கெடைக்குது மதி. ஸ்டீல்லகூட வந்துட்சி. கரையான் புடிக்காது."

"நீ செய். நீயே நட்டு வை. என் வூட்ல உன்ன யாரு அந்தாண்ட நில்லுன்னு சொல்லப்போறா?"

மறுநாள் அப்பா மரவாடிக்குப் போய்த் தேக்கு பார்த்துவிட்டு வந்தார். இந்த நிலையில் யானை இல்லை, கொடி இல்லை. வெறும் சட்டம். மூட்டுகளில் நகம் நுழையாது. நான் அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டையும், தட்டில் வைக்க வேட்டி துண்டும் வாங்கினேன். வேட்டி ஓரத்தில் மஞ்சள் தடவி வைத்தேன்.

ஆவணியில் நாள் பார்த்தோம். அன்று காலை எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பாவைக் காணோம். நல்ல நேரம் முடிவதற்குச் சற்று முன் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அப்பா இறங்கினார். கொட்டகையில் போடும் கட்டம்போட்ட சட்டை. பின்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சின்னராசு ஆசாரி இறங்கினார். நடை தளர்ந்துவிட்டிருந்தது.

அப்பாவை மணல் குவியலுக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

"இவரு எதுக்கு?"

"பூசைக்கு."

"நீதான நடணும்னு சொல்லியிருந்தேன்."

"இவங்கல்லாம் என்ன ஆசாரின்னு நெனச்சிக்கினு இருக்காங்க. அத நெனச்சித்தான் கும்புடுவாங்க. நாளைக்குத் தெரிஞ்சா? நான் கொட்டாய்க்குப் போயிடுவேன். நீதான இந்தத் தெருவுல இருக்கணும்."

"தெரிஞ்சா தெரியட்டும்."

"உனுக்கு அது எப்பிடி இருக்கும்னு தெரியாது மதி."

பின்னாலேயே வந்திருந்த அம்மா என்னைப் பார்த்தாள். "வுடுடி. ஊர்ல ஒருத்தன் அந்தாண்ட நில்லுன்னான். இப்ப இவரே போயி நின்னுக்குறாரு."

ஆசாரி நிலைக்கு முன்னால் நின்று மூட்டுகளைக் கட்டைவிரலால் தடவினார்.

"இந்தவாட்டி அடி எதுன்னு கேக்கப்போறதில்ல. சொந்தப் பொண்ணு வூட்டுக்குத் தலகீழாவா வப்ப?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "மாயவா, நீயே வாடா. என்னால குனிய முடியல."

"நான் புடிச்சிக்கிறேங்க. நீங்க வைங்க."

அப்பா அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஆசாரி குனிந்து மஞ்சள் பூசினார். மேஸ்திரி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். சாய்வு இல்லை. நான் தட்டை நீட்டினேன். ஆசாரி என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். கூட்டத்துக்குப் பின்னால் அப்பா யாருக்கோ பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் குடிபோன அன்று ஒரு கடிகாரம் கொண்டுவந்தார். நிலைக்காலை அளவுக்கு அறுத்தபோது அடிப்பக்கம் மீந்த துண்டுகளை ஒட்டிச் செய்தது. கூடத்தில் ஆணியை அவரே அடித்தார். என் வீட்டில் அவர் நட்டது அது ஒன்றுதான்.

பங்குனியில் கொட்டகையில் விழுந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சின்னராசு ஆசாரி காலனிக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. எங்கள் வீடு எது என்று இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார். மாலை கொண்டுவரவில்லை. பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்தார். கடை மடிப்புக் கலையவில்லை. ஓரத்தில் நான் தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது.

"நான் கட்டலம்மா. வச்சிருந்தேன்" என்றார் அம்மாவிடம்.

அம்மா அந்த மஞ்சள் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "குடுங்க. இப்ப வேணான்னு சொல்ல மாட்டாரு."

ஆசாரி அதை அப்பாவின் மேல் போர்த்தினார். முழங்கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் குனியத் தடுமாறினார். நான் பிடித்துக்கொண்டேன்.

காரியம் முடிந்து என் வீட்டுக்குத் திரும்பிய வாரம் ராதிகா வந்தார். துக்கம் கேட்டார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன். அவர் வாசலிலேயே நின்று நிலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாடியில ரூம் எடுக்குறோம். இந்த மாதிரி ஒரு நெலை வேணும். அன்னைக்கு வந்தாரே வயசானவரு, அவரு நம்பர் குடுங்களேன். நட்டவருதான செஞ்சிருப்பாரு?"

"இல்லங்க. எங்கப்பா செஞ்சது."

"அப்ப அவரு எதுக்கு வந்தாரு?"

"அவரு ஆசாரி. எங்கப்பா ஆசாரி இல்ல."

"பின்ன?"

சொன்னேன். ஒரே வார்த்தை.

"ஓ" என்றார். கை நிலையிலிருந்து இறங்கியது. "நல்லா செஞ்சிருக்காரு. கொற சொல்ல முடியாது."

"உள்ள வாங்க, காபி போடுறேன்."

எப்போது வந்தாலும் குடிக்கிறவர். "இல்லங்க, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

அது உண்மையாகவும் இருக்கலாம்.

அவர் போனதும், ஏன் சொன்னோம் என்று வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டதை நினைத்ததும் அதைவிட வெட்கமாக இருந்தது. அப்பா சொன்ன 'அது எப்பிடி இருக்கும்' என்பது இதுதான். உள்ளே பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. போய் அடுப்பை அணைத்தேன்.