கொல்லையில் முளைத்த தர்ப்பண எள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையில் குந்தியிருந்தேன். கையில் மூன்று ஐஸ்க்ரீம் குச்சிகள், ஒரு ஸ்கெட்ச் பேனா. முகத்தில் விஞ்ஞானிக் களை.

இந்தக் கோலத்துக்குக் காரணம், தை அமாவாசையன்று நான் செய்த ஒரு காரியம். இத்தனை வாரமாக அதைப் பற்றி, வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தில் மூச்சு விடவில்லை. வெட்கம்தான்... வேறென்ன?

என் பெண் கோதை தாவரவியலில் பிஎச்.டி. பண்ணுகிறாள். காட்டெள் பற்றி. நம் சமையலறை எள்ளுக்கு, மேட்டிலும் கரையிலும் தானாக முளைக்கிற சொந்தக்காரச் செடி ஒன்று உண்டு. அதுதான். ஒரு இடத்தில் அது நெடுநெடுவென்று வளர்கிறது, இன்னொரு இடத்தில் முழங்காலைத் தாண்டுவதில்லை. அது அந்த இடத்தின் குணமா, விதையின் குணமா? எல்லா விதைகளையும் ஒரே மண்ணில், ஒரே தண்ணீர் ஊற்றி வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள்.

இதற்காக மார்கழி முழுக்க அலைந்தாள். கொள்ளிடக் கரை, எடமலைப்பட்டி புதூர் பக்கம் ரயில் பாதை ஓரம், பச்சைமலை அடிவாரத்துப் பாறை இடுக்கு. மூன்று இடத்து விதை, மூன்று பொட்டலம். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் இருந்தால் அதிகம்.

பொட்டலங்களை என் மனைவி பத்மா வாங்கிப் பெருமாள் அலமாரியில் வைத்தாள். "விதைக்கறதுக்கு முன்னாடி பெருமாள் கடாட்சம் படட்டும்" என்றாள்.

அதற்கு முன்னால் என் கை பட்டுவிட்டது.

தை அமாவாசைக்குக் காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் நிற்க இடம் இருக்காதே என்று வீட்டிலேயே தர்ப்பணம் பண்ண உட்கார்ந்தேன். வாத்தியார் மந்திரம் சொல்லி அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் போனில் ஓடவிட்டேன். எள் டப்பாவைத் திறந்தால்... காலி! வாத்தியார் அவர் பாட்டுக்கு அடுத்த மந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். போனை நிறுத்தத் தெரியாதா என்று கேட்காதீர்கள். பதற்றத்தில் எனக்கு என் பெயரே மறந்துபோகும்.

எழுந்து ஓடினேன். பெருமாள் அலமாரியில் மூன்று பொட்டலம். பிரித்தால் எள்! மூன்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டினேன். விரலில் சொரசொரவென்று உறுத்தியது. காந்தி மார்க்கெட்டில் இப்போதெல்லாம் நல்ல எள்ளே வருவதில்லை என்று அலுத்துக்கொண்டேன். மூன்று தலைமுறைக்கும் குறைவில்லாமல் விட்டு முடித்து, தாம்பாளத்துத் தண்ணீரைக் கொல்லை மூலையில், கால் படாத இடமாகப் பார்த்துக் கொட்டினேன்.

மத்தியானம் கோதை வந்தாள்.

"அப்பா, இங்கே மூணு பொட்டலம் இருந்துதே, பார்த்தியா?"

சொன்னேன்.

"மேலே பெரிசா எழுதியிருந்தேனேப்பா."

"கண்ணாடி போட்டுக்கலைம்மா. எழுத்தே தெரியலை."

அதோடு விட்டேனா? பொட்டலத்தை அங்கே வைத்தது பத்மாவின் தப்பு. டப்பா காலி என்று சொல்லாததும் பத்மாவின் தப்பு. அவசரப்படுத்தியது வாத்தியாரின் தப்பு. என்னைத் தவிர எல்லோரும் குற்றவாளிகள்.

கோதை கத்தவில்லை. "செடியெல்லாம் விதையைக் கொட்டி முடிச்சாச்சு. இனிமே அடுத்த மார்கழிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய ஒரு வருஷத்தை நான் காலையில் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டியிருக்கிறேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை... பாயசம் மட்டும் இரண்டு டம்ளர்.

மறுநாள் பரிகாரமாகக் கொள்ளிடக் கரைக்குப் போய் இரண்டு மணி நேரம் முள்ளில் கீறிக்கொண்டு ஒரு கவர் நிறைய விதை கொண்டுவந்தேன். கோதை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "இது நாய்க்கடுகுப்பா" என்றாள்.

மாசி பிறந்து சில நாள் இருக்கும். கொல்லை மூலையில் பொடிப்பொடியாகப் பச்சை. கோதை ஓடிவந்து உட்கார்ந்து, இலையைத் தொட்டுப் பார்த்தாள். காட்டெள்!

"பித்ருக்கள் திருப்பிக் குடுத்துட்டா!" என்று பத்மா கையைக் கூப்பினாள். கோதையின் முகத்தில் பல நாளுக்கப்புறம் சிரிப்பைப் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் நானே தண்ணீர் விட்டேன்.

வளர வளரத்தான் வேடிக்கை. ஒரே மண். ஒரே பாத்திரம் கழுவின தண்ணீர். ஆனால் சிலது என் இடுப்புக்கு வந்தது. சிலது ஒரு ஜாணிலேயே கிளை விட்டு, அவசர அவசரமாகப் பூத்து, காயும் பிடித்துவிட்டது. சிலது நடுவாந்திரம். அப்படியானால் விதையின் குணம்தானே? ஆராய்ச்சியை நானே முடித்துவிட்டேனே!

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை குச்சிகளோடு குந்தியிருந்தேன். நெட்டைக்குக் 'கொள்ளிடம்', குட்டைக்குப் 'பச்சைமலை', நடுவாந்திரத்துக்கு 'எ. புதூர்' என்று எழுதி நட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

"எது எந்த இடத்துதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"பார்த்தாலே தெரியறதே! பாறையில பொறந்தது குட்டையாத்தானே இருக்கும்?"

"அப்பா, அதைத்தானே நான் கண்டுபிடிக்கணும்? குட்டையா இருக்கு, அதனால பாறைன்னு நீ சொல்றே. அப்புறம், பாறை, அதனால குட்டைன்னு நான் எழுதணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே. இருக்கிறதிலேயே உயரமான செடியைக் காட்டி, "இதாவது கொள்ளிடம்தானே? நிச்சயமாச் சொல்றேன்" என்றேன்.

அவள் அதன் பூவை நிமிர்த்தினாள்.

"இது காட்டெள்ளே இல்லை. அதோட பூவுக்குக் கீழ் உதடு கருஞ்சிவப்பா இருக்கும். இது வெளுப்பு. நம்மாத்து டப்பா எள்ளு. வேற ஏதோ அமாவாசைக்கு நீ கொட்டினது. இதுவும் கூடவே பூத்திருக்கு, மகரந்தம் கலந்திருக்கும். இந்த விதையையும் நம்ப முடியாது."

ஆக, ஒன்றும் மிச்சமில்லை.

யோசித்துப் பார்த்தால், நான் இருபது வருஷமாக இந்தப் பத்தியில் பண்ணுவதும் இதுதான். ஆட்டோவில் பேரம் பேசினானா, ஸ்ரீரங்கத்துக்காரன். பேரம் பேசாமல் ஏறினானா, தில்லை நகர்க்காரன். எப்படித் தெரியும்? பார்த்தாலே தெரிகிறதே! நீங்களும் வாராவாரம் தலையாட்டிப் படித்திருக்கிறீர்கள். உங்களைச் சொல்லி என்ன... குச்சி நட்டவன் நான்.

கோதை மூன்று குச்சிகளையும் பிடுங்கினாள். திருப்பி, மூன்றின் பின்பக்கத்திலும் ஒரே வார்த்தையை எழுதி, இருந்த இடத்திலேயே நட்டாள்: 'தெரியாது'.

அந்த வார்த்தையை இந்தப் பக்கத்தில் நான் எழுதியதாக ஞாபகம் இல்லை. அதனால், தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. கோதை இதைப் படிப்பாள்.

அன்று கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது, கோதை. நீ எழுதியிருந்ததைப் படித்தேன். 'கொள்ளிடம்' என்று பார்த்ததும், ஆற்றங்கரை எள் என்றால் உசத்தியாகத்தான் இருக்கும் என்று பிரித்தேன்.