கெமிஸ்ட்ரி சீட்டுக்கு எதிர்த்திசையில் ஐம்பது கிலோமீட்டர்

காலை 6.10, விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்ட். சென்னை பஸ்ஸில் பாய்ந்து ஏறி, ஜன்னலோர சீட்டு பிடித்து என் தங்கை அமுதாவை உட்கார வைத்தேன். அவள் மடியில் நீல ஃபைல். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரிஜினல். திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். அங்கே இறங்கி டவுன் பஸ்ஸில் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அந்த பிரைவேட் யுனிவர்சிட்டி. பேர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் அந்தப் பேரைச் சொன்னால் கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி பாயசம் விழும். என்ட்ரன்ஸில் தேறியவர்களை மட்டும்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவார்கள். அமுதா தேறியிருந்தாள். மார்க்குக்காகப் பாதி ஃபீஸ் தள்ளுபடி.

சிக்கல் ஒன்றுதான். அதே நாளில் விழுப்புரத்தில் அரசுக் கல்லூரி கவுன்சிலிங். ஹாலில் மைக்கில் ரேங்க் நம்பரைக் கூப்பிடுவார்கள். மேடை ஏறி, மிச்சமிருக்கும் பாடத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரிஜினலைக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அடுத்த நம்பர். அமுதாவுக்கு நூற்றி எண்பத்து நான்கு. போன வருஷம் என் நண்பனின் தம்பியை அதே மாதிரி ஒரு ரேங்குக்கு மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். ஆகவே மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நானே முடிவு பண்ணினேன். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவை ஹாலில் உட்காரச் சொல்லியிருந்தேன்.

அமுதாவுக்கு வேண்டியது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எனக்கு வேண்டியது பேர். நான் இன்ஜினியரிங் முடித்த காலேஜின் பேரைச் சொன்னால், வேலைக்குப் போன இடத்திலெல்லாம் "அது எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை என் தங்கையிடம் ஒருத்தனும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான்.

6.40, விக்கிரவாண்டி டோல்கேட். கண்டக்டர் ஃபைலைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, அட்மிஷனா?"

பேரைச் சொன்னேன்.

"அடேங்கப்பா. எம்மவன் அங்க ரெண்டு தபா எழுதிக்கினு வந்தான், கெடைக்கல. பாப்பா இன்னா படிக்கப் போவுது?"

"கெமிஸ்ட்ரி."

"அங்க கெமிஸ்ட்ரி நல்லாருக்குமா?"

"அங்க எல்லாமே நல்லாருக்கும்ணே."

அமுதா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

7.15, திண்டிவனம். மேம்பாலத்துக்குக் கீழே நாலு இட்லி, ஒரு வடை. 8.30க்கு கேம்பஸ். கண்ணாடிக் கட்டடம், புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய், கோட்டு போட்ட செக்யூரிட்டி. நான் ஏழு செல்ஃபி எடுத்தேன். இன்டர்வியூ 10.20க்கு முடிந்தது. அமுதா பளிச்சென்று பதில் சொன்னாளாம். அவர்கள் ஜெராக்ஸை மட்டும்தான் வாங்கினார்கள். "ஒரிஜினலைக் காட்டினால் ஒரு கெத்து" என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னது நான்.

அப்புறம் சுற்றிக்காட்ட நந்தினி என்று ஒரு பெண் வந்தாள். செஞ்சிக்காரி, கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். லேப் வாசலில் அமுதா கேட்டாள்.

"அக்கா, டைட்ரேஷன் எத்தன தபா பண்ணியிருக்கீங்க?"

"செமஸ்டருக்கு நாலு. லேப்பை இன்ஜினியரிங் பசங்களோட ஷேர் பண்ணிக்கினு இருக்கோம்ல. மத்ததை சார் ஸ்கிரீன்ல காட்டுவாரு."

"இல்லங்க, இந்த யுனிவர்சிட்டி பேரு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பேரு இன்ஜினியரிங்குக்கு, ப்ரோ. அது நெஜமாவே சூப்பர். நாங்க பின்னாடி தொத்திக்கினு போறோம். லேப் டைம்டேபிள் வெப்சைட்லயே இருக்குதே, பாக்கலியா?"

நான் ரேங்கிங் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். அதை மூன்று தடவை பார்த்திருந்தேன்.

11.05. அம்மா போன்.

"டேய் பிரபு, எங்கடா இருக்கீங்க? நூத்தி அம்பது ஓடிக்கினு இருக்குது."

"அதுக்குள்ளயா? காலைல ஸ்போர்ட்ஸ் கோட்டாதானே கூப்டுவாங்க?"

"அதை இந்தத் தபா போன வாரமே முடிச்சிட்டாங்களாம். நானாவது மேடைக்குப் போயி கெஞ்சிப் பாக்கறேன். ஃபைலை எங்க வெச்ச?"

ஃபைல் எனக்கு முன்னால், அமுதாவின் மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். அம்மா போனை வைத்துவிட்டார்.

ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். திண்டிவனத்தில் 11.50க்கு பஸ். வழியெல்லாம் அமுதா கிலோமீட்டர் கல்லையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

1.10, கல்லூரி ஹால். அம்மா முதல் வரிசையில், கையில் வெறும் அப்ளிகேஷன் பிரிண்டோடு உட்கார்ந்திருந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த பேராசிரியர் லிஸ்டில் விரல் வைத்துத் தேடினார்.

"நூத்தி எண்பத்தி நாலா? பன்னெண்டே காலுக்குக் கூப்டோம்மா. மூணு தபா. உங்கம்மா எழுந்து 'வந்துக்கினே இருக்குது'ன்னாங்க. அவங்களுக்காக நாலாவது தபாவும் கூப்டேன்."

"கெமிஸ்ட்ரி, சார்?"

"கடைசி சீட்டு நூத்தித் தொண்ணூறுக்குப் போயிடுச்சு. வரலாறு இருக்குது, பொருளாதாரம் இருக்குது."

"அமுதா, அங்கயே சேந்துரலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஸ்கிரீன்ல பாக்கறதுக்காண்ணா?" என்றாள். வரலாறுக்குக் கையெழுத்துப் போட்டாள். நீல ஃபைலிலிருந்து ஒவ்வொரு ஒரிஜினலாக எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே வரும்போது கெமிஸ்ட்ரி லேப். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், திறந்த ஜன்னல். அமுதா கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஸ்டாண்டில் வரிசையாக மாட்டியிருந்த டைட்ரேஷன் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்து நின்றாள். அப்போது என் போனில் மெசேஜ். அவள் தேர்வாகிவிட்டாளாம், வாழ்த்துகளாம். படித்துக் காட்டினேன். அவள் திரும்பவில்லை.

"இருபத்தெட்டு ப்யூரெட்ணா," என்றாள். "எல்லாத்துலயும் சொட்டிக்கினு இருக்குது. காலைலதான் யூஸ் பண்ணியிருக்காங்க."

எங்கள் வீட்டிலிருந்து அந்த ஜன்னல் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவில் ஐம்பது ரூபாய், நடந்தால் அதுவும் கிடையாது. திண்டிவனம் தாண்டிப் போய் ஒரு காலேஜைச் சுற்றிப் பார்த்து வந்த நான், இந்த கேட்டுக்குள் நுழைந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.