மண்டபத்தில் அழக்கூடாதாம்

சிதம்பரத்தில் உள்நாட்டுப் போரைப் பற்றிய ஒரு படத்தைத் திரையிட எங்களுக்குக் கிடைத்த இடம் கல்யாண மண்டபம்தான். மணமேடையில் வெள்ளைத் துணி கட்டினோம். கடலூர்ப் பக்கத்து அகதி முகாமிலிருந்து வந்த அக்கா முன்வரிசையில் இருந்தார். அந்தப் போரில் தம்பியைப் பறிகொடுத்தவர்.

பாதிப் படத்தில் ஒரு தாய் மகனின் உடலைக் கட்டிக்கொண்டு கதறினாள். அக்காவும் விம்ம ஆரம்பித்தார். மண்டப மேனேஜரான என் மனைவியின் தம்பி ஓடி வந்தார்.

“மாமா, நாளைக்கு முகூர்த்தம். இங்க ஒப்பாரி சத்தமே கேக்கக் கூடாது. நிறுத்துங்க!”

“படத்துலதான மச்சான் அழுவுறாங்க?” என்று இளித்தேன். அவர் பிளக்கைப் பிடுங்கப் போனார்.

அக்கா எழுந்தார். “அங்கயும் எங்கள அழ விடேல்ல. இஞ்சயும் விட மாட்டியளோ?”

மேனேஜர் நின்றார். வீர வசனம் எனக்கு வரவில்லை. எனவே பிளக்கை மறைத்துச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் உடம்பை நகர்த்த கிரேன் வேண்டும்.

“எழுந்திரிங்க மாமா!”

“படம் முடிஞ்சாதான் எழுந்திருப்பேன் மச்சான். பந்தி போட்டாலும் இங்கயேதான்.”

“சத்தத்தையாவது கொறைங்க” என்றார்.

படத்தின் சத்தத்தைக் குறைத்தோம். அக்கா தம்பியின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். அதைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.