கெமெத்த என்றொரு சொல்

விமானத்துக்கு ஊற்றும் எண்ணெயின் மணம் மண்ணெண்ணெய் மணத்துக்குத் தம்பி முறை. பக்கத்து வீட்டு அடுப்பு புகைந்தால் போதும், குறிஞ்சிப்பிட்டி மணல் என் பல்லுக்குள் நறநறக்கும்.

சண்டைக் காலம். யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லை. இரண்டு குட்டி விமானம் வைத்திருந்த கம்பனி ஒன்று அந்த மணலில் இறங்கி ஏறியது. நிலையம் என்று பெயர்; தகரக்கூரையும் உட்கார ஆறு கதிரையும். வேலைக்கு ஒன்பது பேர். நான் டிக்கட் எழுதினேன். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுக் கரைத்தீவில் கிடுகுக் கொட்டிலில் குடியிருந்த முஸ்லிம் நானா ஒருவர் ஓடுபாதையில் கழுதை விரட்டினார். சிரிக்க வேண்டாம். அந்தப் பக்கத்துக் கழுதைகள் விமானம் தலைக்கு மேல் வந்தாலும் அசையாது. அவருக்கு நாலு பிள்ளை. இந்த வேலை போனால் மறுபடி நிவாரண அரிசி வரிசைதான்.

நிலையத்தை மூடப்போகிறார்களாம் என்று கதை கிளம்பியது. கொழும்பிலிருந்து வந்த மனேஜர், கடற்காற்றில் கழுத்துப்பட்டி முகத்தில் அடிக்க அடிக்க, முதல் வாரம் மறுத்தார். இரண்டாம் வாரம் சிரித்தார். மூன்றாம் வாரம் கேக் கொண்டுவந்தார். கேக்கைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த லீவு நாளே சிலாபம் தொழில் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் தலை நிமிராமல் சொன்னார்: "நீங்கள் எழுத்தில் சம்மதிக்க வேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர் அனுமதி தர வேணும். ரெண்டும் இல்லாமல் வேலையால நிப்பாட்ட ஏலாது. கையெழுத்து மட்டும் வெச்சிராதீங்க."

வந்து சொன்னேன். கேக் தின்ற வாய்கள் சிரித்தன. "இவர் பெரிய அப்புக்காத்து, சட்டம் படிச்சவர்!"

திங்கட்கிழமை காலை மனேஜர் ஒரு கடதாசி நீட்டினார். சிங்களம். நாங்கள் ஒன்பது பேரும் சிங்களத்தைத் தண்ணியாய்ப் பேசுவோம்; வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். "கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மாறிப் போக உங்கட கெமெத்த கேக்கிறம், அவ்வளவுதான்" என்றார். கெமெத்த என்றால் விருப்பம். அதே சொல்தான் சம்மதத்துக்கும். விருப்பமா என்று கேட்டால் ஓம் என்பதைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ளாத சனம். நாலு பேர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் நானா.

"தம்பி, என்ன செல்லுது இது?"

சத்தமாய் வாசித்தேன்: "எனது சேவையை முடிவுறுத்த நான் சம்மதிக்கிறேன்."

நானா பேனையை மேசையில் போட்டார். வைத்த நாலு பேரும் மனேஜரை முறைக்கவில்லை, என்னை முறைத்தார்கள். "முந்தியே வாசிச்சா என்ன?" பின்னால் நின்ற மூன்று பேர் எல்லாம் கேட்ட பிறகும், துரை கோவிப்பார் என்று வைத்தார்கள். மந்தை என்று சொல்லலாம், ஆடுகள் மன்னிக்கட்டும்.

மனேஜர் என்னை டிக்கட் மேசைக்குப் பின்னால் கூட்டிப்போனார். வாசிக்கத் தெரிந்தவனுக்குக் கொழும்புக் கந்தோரில் ஒரு கதிரை இருக்கிறதாம். இந்தக் கையெழுத்து வெறும் வழமையாம். அந்த மணலை, அந்தத் தகரத்தை, அந்த முகங்களை விட்டு ஓட எனக்கு அவ்வளவு அவசரம். வைத்தேன். அந்தக் கதிரையும் மூன்று மாதத்தில் போனது வேறு கதை. மனேஜரைப் பற்றி இவ்வளவு எழுதியவன் என்னைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டும்: அவருக்காவது அது தொழில்.

நானா வைக்கவில்லை. அவர் ஒருத்தருக்காகக் கம்பனி ஆணையாளரிடம் போக வேண்டி வந்தது. அதுவரை அவர் வேலையாள்தான். பூட்டிய நிலையத்துக்குத் தினமும் வந்து கழுதை விரட்டினார்.

நான் போன அன்று பாலாவிச் சந்திக்கு வந்து என் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"நானா, நான் வந்து..."

"வாணாம் தம்பி. அவனுகள் வாசிக்கத் தெரியாம வெச்சானுகள். நீ வாசிச்சிட்டு வெச்சாய். போய் கடுதாசி போடு. தமிழ்ல போடு, எனக்குச் சிங்களம் வாசிச்சுக் காட்ட இனி இங்க ஆளில்ல."