பூட்டிய வீட்டில் அக்கா திருத்திய வானொலிகள்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களில் பலர் எங்கள் அக்காவை யன்னல் கம்பிகளுக்கு அந்தப் பக்கமாகவே கண்டிருப்பீர்கள். துறைமுகத்துக்குப் போகும் வீதியால் நடந்தவர்களுக்கு, மேசையில் குனிந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் தெரிந்திருப்பார். அவர் இறைவனில் இளைப்பாறி ஓராண்டு நிறைகிற இன்று, அந்த யன்னலுக்கு உள்ளே நடந்தவற்றைத் தங்கை என்ற உரிமையோடு எழுதுகிறேன்.

அக்கா இலங்கைத்துறை என்ற கடற்கரைக் கிராமத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கடற்றொழில் செய்த எங்கள் அப்பா, சண்டைக் காலத்தில் எங்களைத் திருகோணமலை நகருக்குக் கூட்டிவந்தார். வந்து அதிக காலம் ஆகுமுன் காய்ச்சலில் இறந்துபோனார். அக்கா வானொலி, தொலைக்காட்சி திருத்தப் படித்து, நகரத்துக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். முஸ்லிமான அந்தக் கடைக்காரரை, அண்ணன் என்ற முறையில், நாங்கள் நானா என்றே அழைப்போம். என்னைப் படிப்பித்ததும், சீனன்குடாவில் வேலை செய்யும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்ததும் அக்காதான்.

தமக்கென்று எதையும் அவர் தொடங்குமுன் அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. ஒரு மத்தியானம் அம்மாவைக் காணவில்லை. தேடிப்போனபோது, இலங்கைத்துறைக்குப் போக வள்ளம் வரும் என்று சொல்லிக்கொண்டு இடுப்பளவு கடலில் நின்றார். அன்றே அக்கா வாசற்கதவுக்கு உட்புறமாகப் பூட்டுப் போட்டார். திறப்பைச் செபமாலையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டார். கடை வேலையையும் விட்டார். நான் அம்மாவைச் சீனன்குடாவுக்குக் கூட்டிப்போய் என்னோடு வைத்திருக்க முயன்றேன். வழியிலிருந்த இராணுவக் காவலரணைக் கண்டதிலிருந்து அம்மா உண்ணாமல் உறங்காமல் நடுங்கினார். அக்காவே வந்து திருப்பிக் கூட்டிப்போனார்.

அந்த நாட்களில்தான் நானா ஒரு பெரிய மரப்பெட்டியோடு வந்தார்.

"தங்கச்சி, இது வால்வு றேடியோ. உப்புவெளி ஹோட்டல்காரர் தந்தவர். எங்கட கடையில இதைத் தொட ஆளில்லை. நீங்க பாப்பீங்களா?"

அக்கா பார்த்தார். அந்தக் காலத்து வானொலிகளில் வயர்களைப் போர்த்தியிருக்கும் இறப்பர், தொட்டால் பிஸ்கற்றுப் போல உதிர்ந்துவிடும். ஒரு வயரைக் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் பற்றவைத்த பிறகே அடுத்ததைத் தொடுவார். எல்லாம் முடிந்ததும் மின்சாரத்துக்கும் வானொலிக்கும் நடுவில் ஒரு பல்பைத் தொடுத்து மின்சாரம் கொடுப்பார். உள்ளே பிழை இருந்தால் பல்ப் பளீரென்று எரியும். வானொலி கருகாமல் தப்பும். வால்வுகள் சூடேறி, கரகரப்பு அடங்கிப் பாட்டு வரும்போது அம்மா கைதட்டுவார். ஆனால் பாட்டு வரச்செய்தவர் தம் மகள் என்பது அவருக்குத் தெரியாது. "றேடியோப் பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

பேச்சுப் பரவி, கொழும்பிலிருந்து பழைய வானொலிகளைச் சேர்க்கும் ஒருவர் வந்தார். தம்முடைய வேலைத்தலத்துக்கு வரும்படியும், தங்குவதற்கு அறை தருவதாகவும் சொன்னார்.

"அம்மாவை ஆரிட்டை விட்டிட்டு வாறது ஐயா?" என்று அக்கா கேட்டார்.

அவர் போனபின் அக்கா குசினி அடுப்பருகே நின்று என்னிடம் சொன்னவை இவை: "எனக்கு அம்மாவில கோபமே இல்லையெண்டு சனம் கதைக்குது. எனக்குக் கோபம் இருக்கடி. காலமை எழும்பேக்கையே இருக்கு. அதோடதான் அவவுக்குச் சோறு தீத்திறன்."

அக்காவைப் புனிதையாக்காமல் எழுத வேண்டும் என்பதற்காகவே இதைச் சேர்க்கிறேன்.

ஒரு நாள் மின்சாரத்தைக் கழற்றிவிட்டு ஒரு வானொலியைத் திறந்த அக்காவின் விரல், மின்னை உள்ளே தேக்கிவைத்திருந்த ஒரு கண்டென்சரில் பட்டுவிட்டது. கதிரையோடு தூக்கி எறியப்பட்டு, இடுப்பு எலும்பு முறிந்து, எழும்ப முடியாமல் கிடந்தார். கதவு பூட்டியிருந்தது. "அம்மா, திறப்பை எடுத்துக் கதவைத் திறவுங்கோ" என்று மன்றாடினார். அம்மா அக்காவின் கழுத்திலிருந்து திறப்பைக் கழற்றி எடுத்தார். அது எதற்கென்று தெரியாமல் அலுமாரிக்குள் வைத்தார். அக்கா அழுதார். அம்மா அவருடைய முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யன்னலடிக்குப் போய்க் கம்பிகளைப் பிடித்துக் கத்தினார்.

"ஆரும் நிக்கிறியளோ? என்ர மூத்தவள் விழுந்து கிடக்கிறாள்!"

முன்வீட்டு அன்ரிக்கு அது கேட்டது. அவருடைய மகன்மார் கதவை உடைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது அக்கா, "மூத்தவள் எண்டு சொன்னவ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வார்த்தை அம்மாவின் வாயில் மறுபடி வரவேயில்லை.

அதன் பிறகு எங்கள் தேவாலயப் பங்குப் பெண்கள் முறைவைத்து அம்மாவோடு இருக்க வந்தார்கள். கிடைத்த முதல் காலைப்பொழுதில் அக்கா ஊன்றுகோலோடு நானாவின் ஓட்டோவில் உப்புவெளிக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஹோட்டல் வரவேற்பறையில் அவர் திருத்திய வானொலி பூச்சாடி தாங்கிக்கொண்டு நின்றது. யாரும் அதைப் போடுவதில்லை.

"அழகுக்குத்தான் மிஸ் வைச்சிருக்கிறம்" என்றார் அங்கு நின்றவர்.

"அழகுக்கெண்டால் உள்ளுக்கு வயர் மாத்தத் தேவையில்லையே தம்பி. ஒருக்காப் போட்டுப் பாப்பம்."

பூச்சாடியை இறக்கினார்கள். வானொலி பாடியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். அக்கா கடற்பக்கக் கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா இறந்தபோது அக்காவின் சிறுநீரகங்கள் பழுதாகியிருந்தன. கொழும்புக்காரர் மீண்டும் கேட்டார். கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டியவர் எங்கே போவது? நற்கருணை கொண்டுவந்த சுவாமியிடம், "எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் தந்திருக்கலாம் ஃபாதர்" என்றார். சுவாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சில நாட்களில் அக்கா எங்களைவிட்டுப் பிரிந்தார்.

கதவை உடைத்த பிள்ளைகளுக்கும், முன்வீட்டு அன்ரிக்கும், வேலையை வீடு தேடிக் கொண்டுவந்த நானாவுக்கும், சுவாமிக்கும், இறுதிச் சடங்கிலும் இன்றைய திருப்பலியிலும் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மாவோடு இருந்த பெண்களுக்கு நன்றி என்ற ஒரு சொல் போதாது. அவர்களும் நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். நோயாளி ஒருவரை விட்டு அசைய முடியாமல் உங்கள் வீதியிலோ ஒழுங்கையிலோ யாரும் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் வருவோம். அவர்கள் வெளியே போய்வரும்வரை நாங்கள் இருக்கிறோம்.